மேற்கு ஜன்னலின் ரப்பர்

ஜன்னல் ரப்பரை இழுத்துப் பொருத்தக் கூடாது, மேடம். அதை ஊட்டவேண்டும். இழுத்துப் பொருத்தினால் அன்றைக்கு அழகாகத்தான் உட்காரும். இரண்டு கோடை வெயில் பட்டதும் சுருங்கி, மூலைக்கு மூலை விரல் நுழைகிற மாதிரி விட்டுப்போகும். சட்டத்தில் நீளமாகப் பள்ளம் இருக்கிறதே, அந்தக் காடிக்குள் அது தானாக எவ்வளவு போகிறதோ அவ்வளவு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுக்கவேண்டும். இது என் வீட்டுக்காரர் சொன்னது. இருபத்து நான்கு வருஷம் கத்தாரில் ஜன்னல் மாட்டிய மனிதர், அவருக்குத் தெரியாதா.

ஆறு ஜன்னலுக்கும் ஒண்டியாக எப்படி ரப்பர் மாற்றினாய் என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். நேற்று எழுதிக் கொடுத்ததில் இன்னும் இரண்டு மூன்று இடம் சரியில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் காலையிலேயே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு இனிமேல் அவசரம் ஒன்றும் இல்லை.

பெயர் பிரகதாம்பாள். வயது ஐம்பத்து நான்கு. செத்துப்போனவர் உதயசூரியன், என் வீட்டுக்காரர், இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. நாலு நாளைக்கு முன்னால் கரண்டு இல்லாத அன்று, பூட்டின வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் போய்விட்டார், அப்போது நான் திருவரங்குளத்தில் என் தம்பி வீட்டுக் காதுகுத்தில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வெக்கையில் போனார் என்பது சரி. நான் திருவரங்குளத்தில் இருந்தேன் என்பது சரியில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகிற ரோட்டில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கிறது. டபுள் கண்ணாடி வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கத்தாரில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் படுத்துக் கிடந்தார்களாம். ஒருத்தன் குறட்டை விட்டால் பதினொரு பேருக்குத் தூக்கம் கிடையாது. பகலெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குச் சத்தம் நுழையாத ஜன்னலை மாட்டிவிட்டு, ராத்திரி அந்த இரைச்சலில் வந்து படுப்பாராம். ஊருக்குத் திரும்பியதும் வீடு கட்டினார். தரை சாதாரண டைல்ஸ்தான், அடுப்படிக்கு அலமாரிகூட வைக்கவில்லை. ஜன்னல் மட்டும் திருச்சியிலிருந்து வந்தது. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று, ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர்.

வீடு குடிபோன பிறகு ஆறு மாதம் இதே வேலையாகத் திரிந்தார். ரோட்டில் போகிற ஒரு ஆளை விடமாட்டார். "வாங்க வாங்க, வந்து ஜன்னலப் பாருங்க" என்பார். வந்த ஆளைப் படுக்கையறையில் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்துவார். பஸ் போகும். "ஆரன் கேக்குதா?" என்பார். "கேக்கலையே மாப்ள" என்பார்கள். "அதான்" என்பார். அவர் முகத்தை அந்த நேரத்தில் பார்க்கவேண்டும். "உள்ள வராத சத்தம் வெளியவும் போவாது, தெரிஞ்சுக்கங்க" என்று அதையும் சேர்த்துச் சொல்வார். நான் காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்று இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வைகாசியில் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்தார். புதுக்கோட்டை, பிறகு திருச்சி, இருபது நாள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. வாங்க.

சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும், அதிகம் சொல்லிப் பழகின சொல்லாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீருக்கும் வாங்க. மூத்திரத்துக்கும் வாங்க. கோபம் வந்தாலும் வாங்க, கொசு கடித்தாலும் வாங்க. ஒருநாள் காலையில் எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கினேன். நான் பல் விளக்கி முடிப்பதற்குள் நாற்பதைத் தாண்டியது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். என்னை அவர் அந்தச் சொல்லால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். 'ஏய்' என்பார், 'இந்தா' என்பார், கத்தாரிலிருந்து போன் போட்டால் எடுத்ததும் 'என்ன' என்பார். அடித்தது கிடையாது, குடி கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. படுக்கையில் விழுந்த பிறகு, துடைக்க, அள்ள, புரட்டிப் போட, எல்லாவற்றுக்கும் வாங்க. முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மரியாதையைப் பாரேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அது என்னைக் கூப்பிடுவது இல்லை. ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்ட சொல் அது, அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

ரோட்டில் போகிறவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ரோட்டைப் பார்த்த ஜன்னலை நான் திறந்தே வைத்திருந்தேன், அவருக்குப் பொழுது போகட்டும் என்று. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய மனிதர் கூப்பிடுகிறாரே என்று உள்ளே வருவார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போடவேண்டும். போன தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த கூட்டம் மொத்தமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றது. "அண்ணன் நம்ம பக்கம்தான், எப்படிக் கூப்புடுறாரு பாருங்க" என்று ஒருத்தர் துண்டு போர்த்தினார். அன்றைக்கு அவருக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. துண்டு போர்த்தி முடிக்கிறவரை நான் வாளியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் கட்டிலிலிருந்து விழுந்ததும் அந்த ஜன்னல் திறந்திருந்தபோதுதான். நான் ரேஷன் கடையில் இருந்தேன். அரை மணி நேரம் தரையில் கிடந்து வாங்க வாங்க என்று கத்தியிருக்கிறார். மூன்று பேர் காதில் விழுந்திருக்கிறது. மூன்று பேரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். பெரியகருப்பன் மாமா என்னிடமே வந்து சொன்னார், "நான் என்னத்தா கண்டேன். 'இருக்கட்டும் மாப்ள, இன்னொரு நா வாரேன், பஸ்ஸு வந்துருச்சு'ன்னு சொல்லிட்டுல்ல போனேன்" என்று. மனிதர் அழுதுவிட்டார். அதை நன்றாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம். ஜன்னல் திறந்திருந்தாலும் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றவில்லை. ரப்பர் மாற்றினதால்தான் எல்லாம் என்று பேசுகிறவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

அன்றைக்கு வந்தது பக்கத்து வீட்டு சந்தனமேரி. அவள் அடுப்படிக்கு எதிரேதான் அந்த அறையின் வடக்கு ஜன்னல். அவள் மட்டும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கியிருக்கிறாள். "அவுக வாங்கன்னு சொல்லலக்கா. வாங்கன்னு கூப்புடுறாக. ரெண்டும் வேற" என்றாள். எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. அவளுக்கு அப்படி ஒரு காது.

அதன் பிறகு எனக்குத் தப்பிக்க வழியில்லை. கொஞ்ச நேரம் காலை நீட்டுவேன், சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும். "யக்கா, அண்ணன் கூப்புடுறாக." துணி அலசிக்கொண்டிருப்பேன், "யக்கா, அண்ணனுக்குத் தண்ணி வேணுமாம்." நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தால் அவளே வந்துவிடுவாள். வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அக்காவுக்கு ஒடம்பு முடியல போல" என்று எனக்காக அவரிடம் சமாதானமும் சொல்லிவிட்டுப் போவாள். தங்கமான பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்படி ஒரு நல்லவள் பக்கத்து வீட்டில் இருந்தால் அலுப்புப்படக்கூட முடியாது, அதுதான் சங்கடம்.

எனக்கு அலுப்பு, மேடம். அதைக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபப்படத் தெம்பு வேண்டும். மகள் ஓசூரில் இருக்கிறாள், இரண்டு சின்னப் பிள்ளைகள், வேலை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கவேண்டுமே என்று நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன். அதுதான் என் நிலைமை.

செவ்வாய்க்கிழமைதோறும் கலைமதி என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வரும், பேச்சுப் பயிற்சி கொடுக்க. சிரித்த முகம். அது ஒருநாள் என் பெயரைக் கேட்டுவிட்டுக் கையைத் தட்டியது. "நல்ல பேரும்மா. வாங்கன்னு சொல்றப்ப ஒதடு ஒட்டாது, சொல்லிப் பாருங்க. ஒங்க பேர்ல ரெண்டு எடத்துல ஒட்டும். பி-ன்னு ஒரு தரம், ம்பா-ன்னு ஒரு தரம். தெனம் சொல்லிக் காட்டுங்க. ஒதடு ஒட்டி ஒரு வார்த்த வந்துச்சுன்னா எனக்கு ஒடனே போன் பண்ணுங்க. அடுத்தடுத்து வந்துரும்" என்றது. நான் சரி என்று தலையாட்டினேன். சொல்லிக் காட்டவில்லை. முப்பத்தொரு வருஷமாகச் சொல்லாத பெயரை அவர் முன்னால் போய் நின்று நானே எப்படிச் சொல்லிக் கொடுப்பது. கூச்சமாக இருந்தது. சந்தனமேரிதான் மத்தியானத்தில் வந்து, "எங்கண்ணே, அக்கா பேரச் சொல்லுங்க பாப்போம், பி..." என்று உட்கார்ந்திருப்பாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்க என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

ரப்பருக்கு வருகிறேன். போட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வெயிலில் கருவாடு மாதிரி விறைத்துப் போயிருந்தது, தொட்டால் உதிர்ந்தது. போன ஆடியில் சாத்தின ஜன்னல் ஊய் ஊய் என்று கூவியது. செம்மண் புழுதி கட்டில் விளிம்பில் கோடு கோடாகப் படிந்தது. அவருக்கு இருமல். இந்தச் சித்திரையில் ஏசி போட்டால் குளிர்ச்சி நிற்கவில்லை. ரப்பர் மாற்றவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. சந்தனமேரியே சொன்னாள், "மாத்திருங்கக்கா, அண்ணன் நெஞ்சுக்கு ஆவாது" என்று.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில், பழைய ரப்பரில் இரண்டு விரல் நீளம் வெட்டிக்கொண்டு போய்க் காட்டி வாங்கி வந்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் முதல் தடவை மாட்டினபோது சுருளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தான். பழையதை உருவவேண்டும். காடியைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் செய்யவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவவேண்டும். மூலையில் தொடங்கக் கூடாது, மேல் சட்டத்தின் நடுவில் தொடங்கிச் சுற்றி வந்து அங்கேயே முடிக்கவேண்டும். முடிக்கிற இடத்தில் ஓர் அரிசி அளவு அதிகமாக விட்டு வெட்டவேண்டும். முதலில் கூடத்து ஜன்னல் மூன்றில் கை பழகினேன். பிறகு அவர் அறை. ரோட்டுப் பக்கம் ஒன்று, சந்தனமேரி வீட்டுப் பக்கம் ஒன்று, கொல்லைப் பக்கம் மேற்கே ஒன்று.

அவர் அறையில் வேலை செய்த இரண்டு நாளும் அவர் கத்தவே இல்லை. படுத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. வடக்கு ஜன்னலை முடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன். அவர் இடது கையைத் தூக்கி, கீழ் மூலையைக் காட்டினார். "வாங்க" என்றார். குனிந்து பார்த்தேன். அங்கே நான் அவசரத்தில் இழுத்துவிட்டிருந்தேன், ரப்பர் எழும்பி நின்றது. உருவித் திரும்ப ஊட்டினேன். இப்போது சரியா என்று திரும்பினேன். தலையை ஆட்டினார். அவர் காட்டாவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது. அந்த மூலை வழியாகச் சத்தம் போயிருக்கும்.

அன்று சாயங்காலமே ஜன்னலைச் சாத்திவிட்டு, சந்தனமேரி வீட்டு அடுப்படியில் போய் நின்றேன், கொஞ்சம் புளி வேண்டும் என்று. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அவர் வாங்க வாங்க என்று தொண்டை கம்ம இரைந்துகொண்டிருந்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான்.

மேற்கு ஜன்னலைக் கடைசியில் முடித்தேன். அவர் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று உண்டு. பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடுக்கு இருக்கிறது. கிழிந்தால்தான் ரப்பர் பிடித்திருக்கிறது. அன்றைய பேப்பரில் ஒரு கீற்றுக் கிழித்து வைத்து இழுத்தேன், பாதி கையோடு வந்தது. கையில் வந்ததைப் பார்த்தேன். 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை மறுநாள் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை' என்று இருந்தது. எந்தெந்த ஊர் என்கிற பாதி ஜன்னலுக்குள் சிக்கிக்கொண்டது. அதைத்தான் நான் முதலிலேயே படித்திருந்தேன். நம் ஊர் இரண்டாவது வரியில் இருந்தது. அந்த ஜன்னலை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. நீங்கள் போய்த் திறந்தால் அந்தத் துண்டு அங்கேதான் இருக்கும். கரண்டு போகும் என்று எனக்குத் தெரியாது என்று நேற்றுச் சொன்னேன் அல்லவா, அது ஒரு திருத்தம்.

இன்னொன்று இன்வெர்ட்டர். பேட்டரி பழசு, சார்ஜ் நிற்காது என்றேன். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் பின்னால் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். ஐந்து மணிக்கு வந்து திரும்பப் போட்டேன்.

தம்பி வீட்டுக் காதுகுத்து உண்மை. பட்டுப்புடவை கட்டி, கையில் பை, பையில் புளிச்சோறு. கிளம்பும்போது சந்தனமேரி கேட்டாள், "அண்ணனப் பாத்துக்கவாக்கா? சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்று. நான் சொன்னேன், "கஞ்சி குடுத்துட்டேன், மாத்திர குடுத்துட்டேன், தூங்குறாக. எழுப்பிவுட்டா ஒனக்குத்தான் செரமம். கூப்புட்டா ஒனக்குக் கேக்காமலா போவுது, பெறகு போன் போட்டு என்னயக் கூப்புடு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துர்றேன்." அவள் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அவள் காது மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ் வந்தது, ஏறவில்லை. சுற்றுப் பாதையாக நடந்து கொல்லைப் பக்கம் வந்து, மேற்கு ஜன்னலுக்கு எதிரே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வேப்பமரத்து நிழல் கல் மேல் விழும். அந்த இடம் ரோட்டுக்கும் தெரியாது, சந்தனமேரிக்கும் தெரியாது. மற்ற இரண்டு ஜன்னலுக்கும் திரை போட்டிருந்தேன். மேற்கு ஜன்னல் திரையை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவர் சாகிறதைப் பார்க்க நான் அங்கே உட்காரவில்லை, மேடம். உட்காரவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கூப்பிடாத இடத்தில் ஒருநாள் உட்காரவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வேறு எங்கே போனாலும் மனது அங்கேயே கிடக்கும், கூப்பிடுகிறாரோ, கூப்பிடுகிறாரோ என்று. கண் முன்னால் இருந்தால் அந்தக் கவலை இல்லை பாருங்கள்.

ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஏசிப் பெட்டி வெளியில் ஓடுகிற சத்தம் நின்றது. பத்து மணி வாக்கில் அவர் விழித்தார். வாய் அசைந்தது. வாங்க. அதைக் கண்ணால் பார்த்தாலே எனக்குத் தெரியும், வாய் அகலமாகத் திறந்து உள்ளே மடங்கும். வாங்க, வாங்க, வாங்க. ஒரு சத்தம் இல்லை. குயில் ஒன்று கத்தியது, அது கேட்டது. வேப்பம்பழம் விழுந்தது, அது கேட்டது. அவர் கத்துவது கேட்கவில்லை. அப்போதும் ஒருமுறை நினைத்தேன், எவ்வளவு நல்ல ஜன்னல், மனிதர் பொய் சொல்லவில்லை என்று.

பன்னிரண்டரைக்குப் புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் அப்படிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். சோற்றில் கடலை போட்டிருந்தேன், ஒவ்வொன்றாக மெல்ல முடிந்தது. தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் தூங்கியும் போனேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வெயில் மேற்கே சாய்ந்து கண்ணாடி வழியாகக் கட்டில் மேல் இறங்கியது. அந்த அறைக்கு மேலே மொட்டை மாடி, சித்திரை வெயில் காங்கிரீட்டில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காற்று நுழைய ஓர் ஊசி முனை இடம் கிடையாது, நான்தான் சொன்னேனே, ஊட்டி வைத்திருந்தேன். அவர் இடது கையால் போர்வையைத் தள்ளினார். சட்டையைப் பிடித்து இழுத்தார். தலையைத் திருப்பினார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார்.

பட்டுப்புடவையோடு கல்லில் உட்கார்ந்திருக்கிற என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு பக்கம் திரும்பலாம் என்று நினைத்தேன், அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

மூன்றரைக்கு அடங்கிவிட்டார். ஐந்து மணிக்கு ஏசிப் பெட்டி திரும்ப ஓடத் தொடங்கியது. நான் புடவையைத் தட்டிவிட்டு, வந்த பாதையில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தேன், பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற மாதிரி. சந்தனமேரி அவள் வாசலில் நின்றாள். "அண்ணன் இன்னக்கி ஒரு சத்தம் போடலக்கா. நல்லாத் தூங்குறாக போல. நான் அடுப்படிய வுட்டு நகரவே இல்ல" என்றாள். நான் கதவைத் திறந்தேன். இன்வெர்ட்டரைப் போட்டேன். பிறகு அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, எங்கிருந்தோ வந்தது.

இதையெல்லாம் ஏன் வந்து சொல்கிறேன் என்றால், சந்தனமேரிக்காகத்தான். நாலு நாளாக அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. எழவு வீட்டில் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள், பக்கத்திலேயே இருந்தியே, கேக்கலையா என்று. அவள் நேற்றுப் புதுக்கோட்டைக்குப் போய்க் காதைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் நம்பவில்லை. என் மடியில் வந்து விழுந்து, "அண்ணன் கூப்புட்டுருப்பாகக்கா. எங்காது செத்துப்போச்சுக்கா" என்று அழுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதில் ஒரு குற்றமும் இல்லை என்று நீங்கள் எழுதவேண்டும். அதை அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். நான் அவரைக் கொன்றேன், அறையை அடைத்துவைத்து, கரண்டு போகிற நாள் தெரிந்து, எதிரே உட்கார்ந்து கொன்றேன். அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

மனம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து அவர் சொன்னது வாங்க. அது யாருக்கு என்று முன்னமே சொல்லிவிட்டேன், ரோட்டில் போகிறவர்களுக்கு. அதற்கு நான் எதற்கு எழுந்திருக்கவேண்டும்.

என்னைப் பார்த்த பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. அது உண்மை. அதற்குப் பிறகு வாய் வேறு மாதிரி அசைந்தது. உதடு இரண்டும் ஒட்டியது. திறந்தது. கொஞ்சம் தடுமாறி, இன்னொரு முறை ஒட்டித் திறந்தது. மறுபடியும் அதே மாதிரி, ஒட்டித் திறந்து, ஒட்டித் திறந்து. அடங்குகிறவரை அதையேதான் செய்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்தபடி. வாய் உலர்ந்து போய் உதட்டை ஒட்டி ஒட்டி எடுக்கிறார் என்று நினைத்தேன். தாகம்தான், வேறென்ன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லையே.

என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன், மேடம்.